அக்கா தலைமுழுகின கதை

– தலைமுழுகிட்டாங்கன்னா சொன்னீங்க? இந்தக் கடைக்காரம்மாவா? உங்களையா?

– என்னையேதான். பதினாலு வருஷம் ஆச்சு. கோட்டை இப்படித் திருப்பிக் குடுங்க மேடம். ம், அடியில ரெண்டு பல்லு போயிருக்கு. ஒட்டுப்போட்டா நிக்காது, முழு ஜிப்பையும் மாத்தணும். அரை மணி நேரம் உக்காருவீங்களா?

– உக்காருறேன். மேடம் எல்லாம் வேண்டாம்ண்ணா. அதாவது, இது உங்க அக்கா கடை. அவங்க உங்களைத் தலைமுழுகிட்டாங்க. நீங்க அவங்க கடையிலயே உக்காந்து என் கோட்டுக்கு ஜிப் மாத்துறீங்க. எங்கயோ இடிக்குதே.

– எல்லாருக்கும் இடிக்கும்மா. கேளுங்க, அது பெரிய கூத்து. அக்கா நூல் வாங்கப் போயிருக்காங்க. அவங்க வர்றதுக்குள்ள சொல்லிடுறேன். இருந்தா என்னைச் சொல்ல விடமாட்டாங்க, நடுநடுவுல வந்து என் காலை வாருவாங்க.

– சொல்லுங்க. ஜிப் மெதுவா ஆனாலும் பரவாயில்ல.

– ஒரு அக்கா, ஒரு தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேந்துட்டாங்க. அக்காவுக்கு அப்ப இருபது வயசு, தம்பிக்காரனுக்குப் பதிமூணு. அக்கா ஒரு தையல்கடையில சம்பளத்துக்கு உக்காந்து, காஜா எடுத்து, பட்டன் கட்டி, அவனைப் படிக்க வச்சாங்க. அந்தத் தடியனுக்குப் படிப்பு ஏறல. ஆனா கத்தரி பிடிச்சா கை பேசும். அக்கா அளவெடுத்துச் சாக்கட்டியில கோடு போட்டுத்தான் வெட்டுவாங்க. அவன் ஆளை ஒரு தடவை மேலயும் கீழயும் பாத்துட்டு நேரா வெட்டிடுவான். அப்புறம் பாஷை தெரியாத இந்த ஊருக்கு வந்து, ரெண்டு பேரும் சேந்து இந்த இடத்தைப் பிடிச்சாங்க. பஸ் நிக்கிற இடத்துக்கு எதிர, மாடிப்படிக்குக் கீழ. ரெண்டு மெஷின் போட்டா மூணாவது ஆள் வெளியே நின்னுதான் கொட்டாவி விடணும். பின்னாடி ஒரு அறை. அதுதான் வீடு.

– ஒரு நிமிஷம். அந்தத் தடியன் நீங்கதானே?

– நான்தான். ஆனா 'நான்'னு சொன்னா பாதி வழியில வெக்கம் வந்து நின்னுடுவேன். 'அவன்'னு வச்சுக்கிட்டா வாய்க்கு வந்தபடி திட்டலாம் பாருங்க. அதனால அவன்.

– சரி, அவன். என்ன பண்ணினான்?

– இந்த ஊருக்கு ஒரு நாடகக் குழு வந்துச்சு. ராஜா வேஷம் கட்டுறவர் மேடையிலயே அங்கியைத் தோள்லருந்து இடுப்பு வரைக்கும் கிழிச்சுக்கிட்டார். மறுநாள் காலையில அதைத் தூக்கிட்டு இங்க வந்தாங்க. மத்தியானத்துக்குள்ள தம்பிக்காரன் கிழிசல் போன தடமே தெரியாம பண்ணி, மேல ஒரு சரிகைக் கொடியும் ஓட விட்டுட்டான். குழுத் தலைவர் பாத்தார். 'எங்களோட வந்துடுறியா தம்பி?'ன்னார். அவ்வளவுதான், அவனுக்குக் கால் தரையில நிக்கல. அக்காகிட்ட வந்து பத்து நாள் போயிட்டு வரேன்னு ஒத்தக் கால்ல நின்னான். அக்கா முடியாதுன்னாங்க. ஏன்னா அப்பதான் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நூத்தி இருபது உடுப்பு எடுத்திருந்தாங்க. பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்குக் குடுத்தாகணும், ஒரு ஆள் கையால ஆகிற வேலை இல்ல. தம்பிக்காரன் சரிக்கான்னான். தலையைத் தலையை ஆட்டினான்.

– ஆட்டிட்டு?

– மறுநாள் அக்கா வந்து விளக்கைப் போட்டா, தம்பியும் இல்ல, தம்பியோட மெஷினும் இல்ல. அது அக்கா முதல் முதல்ல வாங்கின மெஷின்மா. ரெண்டு ஆள் தூக்கணும். அதை ஒத்தை ஆளா நாடக லாரி வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கான், நல்ல காரியத்துக்கு வராத பலம் எல்லாம் அன்னைக்கு வந்திருக்கு. அக்கா மேஜையில சாக்கட்டியால எழுதி வச்சிருந்தான்: 'பத்தே நாள்.'

– பதினோராம் நாள் வந்தாரா?

– பதினோரு வருஷம் கழிச்சு வந்தான்.

– அடப்பாவி.

– அப்படித்தான், நல்லா திட்டுங்க. பத்தாம் நாள் எங்கேயோ ஒரு ஊர்லருந்து கடைக்குப் போன் போட்டான். அக்கா, இன்னும் ஒரு பத்து நாள், இங்க ராணிக்கு உடுப்பு பாதியில நிக்குதுன்னு சொன்னான். அக்கா கத்தல. அழல. 'இன்னியோட உன்னைத் தலைமுழுகிட்டேன்'னாங்க. வச்சுட்டாங்க. சொன்னதோட விட்டாங்களா? பின்னாடி போய் ஒரு வாளி பச்சைத் தண்ணியை எடுத்து உண்மையிலயே தலையில கவுத்துக்கிட்டாங்க. ஏற்கெனவே ஜலதோஷம், நல்ல குளிர்காலம் வேற. சொட்டச் சொட்ட வந்து மெஷின்ல உக்காந்து தைக்க ஆரம்பிச்சாங்களாம். பக்கத்துச் சாவிக்கடைக்காரர் எட்டிப் பாத்து, 'என்னம்மா, வெளியில மழையா?'ன்னு கேட்டிருக்கார். 'இல்ல, எனக்குத் தம்பி இல்ல'ன்னாங்களாம். அஞ்சு நாள் காய்ச்சல். அந்தக் காய்ச்சலோடயே நூத்தி இருபதையும் முடிச்சாங்க. கடைசி இருபதுக்கு மெஷின் பத்தாம கையாலயே தைச்சாங்க. இதெல்லாம் பின்னாடி சாவிக்கடைக்காரர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

– எனக்கு ஒரு சந்தேகம்ண்ணா. கைகழுவிட்டேன்னு சொல்றோம், தலைமுழுகிட்டேன்னு சொல்றோம். அதாவது, ரெண்டும் ஒண்ணுதானே?

– எங்கம்மா ஒண்ணு? கைகழுவுறது ரொம்ப சுலபம். குழாயைத் திறந்தா ஆச்சு. பாதியில விட்டுட்டு ஓடுறவன் கைகழுவிட்டு ஓடுறான். தம்பிக்காரன் பண்ணினது அது. தலைமுழுகுறது வேற. ஒரு ஆள் செத்தா சொந்தக்காரங்க தலையோட குளிக்கிறாங்கல்ல, அந்தக் குளியல். ஆள் உசிரோட எங்கேயோ சரிகை தைச்சுக்கிட்டு இருக்கான், இவங்க அவன் செத்துட்டதா வச்சுக் குளிச்சுட்டாங்க. சிகரெட்டைத் தலைமுழுகிட்டேன், சீட்டாட்டத்தைத் தலைமுழுகிட்டேன்னு சும்மாவும் சொல்றோம், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுலயும் பாருங்க, உசிரா இருந்ததைத்தான் தலைமுழுக முடியும். தெருவுல போறவனை யாரும் தலைமுழுக மாட்டாங்க. அதுக்கு ஒரு உரிமை வேணும்.

– இதை யாராவது எனக்கு அப்பவே இப்படி சொல்லியிருந்தா...

– எப்பவே?

– ஒண்ணுமில்ல. பதினோரு வருஷம் அவரும் சும்மாவா இருந்தார்?

– மூணு தடவை போன் போட்டான். அக்கா எடுத்து, குரலைக் கேட்டதும் 'தப்பான நம்பர்'ன்னு வச்சுட்டாங்க. மூணாவது தடவை அவன் ஒரு வார்த்தையும் பேசல, மூச்சு மட்டும்தான் விட்டான். அதுக்கும் தப்பான நம்பர்னாங்க. அப்புறம் அவனுக்கு முகம் இல்ல. பொய் சொல்லக்கூடாது, அவன் நல்லாத்தான் இருந்தான். ஊர் ஊரா, ராணிக்கும் ராட்சசனுக்கும் தைச்சுக்கிட்டு. ஒண்ணே ஒண்ணு, ஓடும்போது கடைப்பேர் போட்ட துணி லேபிள் ஒரு சுருள் பையில வந்துடுச்சு. நம்ம தைச்ச உடுப்புல கழுத்துக்கு உள்ள வைப்போம்ல, கடைப்பேர், போன் நம்பர் எல்லாம் நெய்திருக்கும். தன் சட்டை எல்லாத்துலயும் அதை வச்சுத் தைச்சுக்கிட்டான். கேட்டா சட்டை மாறிப்போகாம இருக்கன்னு சொல்லுவான்.

– அந்த லேபிள்தான் காட்டிக் குடுத்துச்சா?

– கரெக்டா பிடிச்சுட்டீங்களே. ஒரு நாள் மேடையில திரை மாட்ட ஏணியில ஏறினான். ஏணி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். இடுப்பு எலும்பு, வலது கை, ரெண்டும் போச்சு. ஆஸ்பத்திரியில ஆபரேஷன் பண்ணி நல்லாத்தான் பாத்தாங்க. ஆனா வீட்டுக்கு அனுப்பணும்னா வீட்ல பாத்துக்க ஒரு ஆள் வேணும், இல்லேன்னா எங்கேயாவது இல்லத்துல சேத்துடுவாங்க. உனக்கு யார் இருக்கான்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னான். அங்க நோயாளிகளோட வீட்டு விவகாரம் பாக்கிற ஆபீசரம்மா ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க அவன் சட்டையை மடிச்சு வைக்கும்போது கழுத்தைப் பாத்துட்டாங்க. எல்லாச் சட்டையிலயும் ஒரே நம்பர். போட்டாங்க ஒரு போன்.

– உங்க அக்கா போனாங்க.

– போனாங்க. எதுக்குப் போனாங்கன்னு நினைக்கிறீங்க? அந்த ஆபீசரம்மா முகத்துக்கு நேரா, இவனுக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்லைன்னு எழுத்துல குடுத்துட்டு வரணும்னு. கடையைப் பூட்டிட்டு, இருக்கிறதுலயே நல்ல சேலையைக் கட்டிக்கிட்டுப் போயிருக்காங்க. அவன் மேல வார்டுல படுத்திருக்கான், அவனைப் பாக்கக்கூட இல்ல. நேரா கீழ ஆபீஸ் அறைக்குத்தான். அக்காவுக்கு இந்த ஊர் பாஷையில காலர், பட்டன், நாளைக்கு ரெடி, இவ்வளவுதான் வரும். அதனால ஆபீசரம்மா போன்ல ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு, மேஜை நடுவுல ஸ்பீக்கரைப் போட்டு வச்சாங்க. அங்கதான்மா ஆரம்பிச்சுது கூத்து.

– என்ன ஆச்சு?

– போன்ல ஒரு பொண்ணு. இங்கயே பிறந்து வளந்த பொண்ணு போல. குரல் தேனா இருந்துச்சாம். ஆனா தமிழ் பாவம், வீட்ல சாப்பிட வா, போயிட்டு வரேன், அதோட சரி. ஆபீசரம்மா கேட்டாங்க, இவருக்கு நீங்க என்ன வேணும்? அக்கா சொன்னாங்க: 'கூடப் பொறந்த தம்பிதான். ஆனா அவனை நான் எப்பவோ தலைமுழுகிட்டேன்.' அந்தப் பொண்ணு அதை அவங்க பாஷையில என்னன்னு சொல்லுச்சு தெரியுமா? 'கூடப் பிறந்த அக்கா. ரொம்ப காலமா அவருக்குத் தலைக்குக் குளிப்பாட்டி விடுறவங்க.'

– ம்.

– ஆபீசரம்மா நெஞ்சுல கையை வச்சுக்கிட்டாங்களாம். இந்தக் காலத்துல இப்படி ஒரு அக்காவா. இனிமேலும் செய்வாங்களான்னு கேளுன்னாங்க. பொண்ணு அக்காகிட்ட, 'இனிமேலும் அப்படித்தானாக்கா?'ன்னுச்சு. அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு, 'இனிமேலும் அப்படித்தான். நான் சாகுற வரைக்கும் அப்படித்தான்'னாங்க. அது அப்படியே போச்சு அந்தப் பக்கம். ஆபீசரம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எழுந்து வந்து அக்கா ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. அக்கா என்ன நினைச்சாங்க? பரவாயில்ல, தம்பியைத் தலைமுழுகினவளோட வேதனை இந்தம்மாவுக்காவது புரியுதேன்னு நினைச்சு, தானும் கொஞ்சம் அழுதிருக்காங்க.

– சிரிக்காம சொல்லுங்கண்ணா. ஊசி கையில குத்திடும்.

– நீங்க மட்டும் என்ன, கைக்குட்டையால வாயை மூடிக்கிட்டு இருக்கீங்க. அப்புறம் தாளை நீட்டினாங்க. நோயாளியைக் குளிப்பாட்டிப் பராமரிக்கிறவர் அக்கா, காலம் ஆயுள் முழுக்கன்னு எழுதியிருக்கு. அக்காவுக்கு அந்தப் பாஷை படிக்கத் தெரியாது. விட்டது சனின்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு, பஸ் ஏறி வந்துட்டாங்க. அடுத்த செவ்வாய்க்கிழமை கடை வாசல்ல ஆம்புலன்ஸ். ரெண்டு ஆள் தம்பிக்காரனைச் சக்கர நாற்காலியோட இறக்கி, மடியில, உக்காந்து குளிக்கிறதுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணை வச்சு, நீளக் கைப்பிடி வச்ச ஸ்பாஞ்ச் ஒண்ணையும் கையில குடுத்தாங்க. செங்கோல் பிடிச்ச ராஜா மாதிரி உள்ள வந்தான்.

– உங்க அக்கா என்ன பண்ணினாங்க?

– தெருவே கூடுற மாதிரி கத்தினாங்க. நான் தலைமுழுகினவனை என் தலையிலயே கட்டுறீங்களாடான்னு. ஆம்புலன்ஸ் ஆளுங்களுக்குத் தமிழ் தெரியாது, வாழ்த்துறாங்கன்னு நினைச்சுக் கையாட்டிட்டுப் போயிட்டாங்க. சாவிக்கடைக்காரர் ஓடி வந்து தாளைப் படிச்சுச் சொன்னார். அக்கா அப்படியே பொத்துனு உக்காந்துட்டாங்க. ஒரு அதிர்ஷ்டம் பாருங்க, பின் அறையில துணி மூட்டை எல்லாம் ஓரமா ஏறக்கட்டி, ஜன்னலோரம் ஒரு கட்டில் போடுற அளவுக்கு இடம் காலியா இருந்துச்சு. ஏதோ சரக்கு வருதுன்னு ஒதுக்கி வச்சிருந்தாங்களாம். அந்தச் சரக்கு இன்னிக்கு வரைக்கும் வரல, அது வேற கதை.

– பேசினாங்களா உங்களோட? அவனோட?

– மூச். ஒம்பது நாள் அவனோட ஒரு வார்த்தை இல்ல. எல்லாப் பேச்சும் அந்த ஸ்டூல்கிட்டதான். 'ஸ்டூலே, சாப்பாடு வச்சிருக்கேன், தின்னச் சொல்லு.' 'ஸ்டூலே, மாத்திரை போடலேன்னா காலு விளங்காதுன்னு சொல்லு.' அவனும் ஸ்டூல்கிட்டயே பதில் சொன்னான். 'ஸ்டூலே, உப்பு கொஞ்சம் கம்மின்னு சொல்லு.' 'ஸ்டூலே, பதினோரு வருஷம் உப்பு போட்டவங்ககிட்டயே போய்த் தின்னச் சொல்லு.' பத்தாம் நாள் அந்த ஆபீசரம்மா பாக்க வரேன்னு போன் பண்ணினாங்க. வந்து பாத்தா தலை எண்ணெய்ப் பிசுக்கா இருக்கு, குளிப்பாட்டலையான்னு கேப்பாங்கல்ல. அவனுக்கு ஒரு கையில மாவுக்கட்டு. அக்கா ஸ்டூலைப் போட்டு உக்கார வச்சாங்க. தாள்ல எழுதினதைச் செய்யறேன், வேற ஒண்ணும் இல்லன்னு சுவரைப் பாத்துச் சொல்லிக்கிட்டே தண்ணியை ஊத்தினாங்க.

– கோவமா?

– கோவம்னா அப்படி ஒரு கோவம். தேய்ச்ச தேய்ப்புல மண்டை கழண்டுடும்னு நினைச்சான். கண்ணு, மூக்கு, காது எல்லாம் சோப்பு. அவன் வாயைத் திறக்கல. தேய்ச்சுக்கிட்டே இருந்தவங்க கை டக்குனு நின்னுச்சு. நுரையை விலக்கி விலக்கி உச்சந்தலையைப் பாத்தாங்க. அப்புறம் கேட்டாங்க: 'எப்படா உனக்கு நரைச்சுது?'

– அவ்வளவுதானா?

– அவ்வளவுதான்மா. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் நேரா அவனைப் பாத்துக் கேட்ட முதல் வார்த்தை. அவன் சொன்னான், 'ராட்சசனுக்குத் தைக்கிறப்ப'ன்னு. அக்காவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அடக்கிப் பாத்தாங்க, முடியல. இவனும் சிரிக்க, சோப்பு வாய்க்குள்ள போக, அவன் இரும, அவங்க முதுகுல அடிக்க. கொஞ்சம் பலமாவே அடிச்சாங்க, பதினோரு வருஷத்து அடி. ஆபீசரம்மா வாசல்ல வந்து நிக்கிறாங்க, உள்ள இப்படி ஒரு சத்தம். உலகத்துலயே சந்தோஷமான வீடு இதுதான்னு எழுதிக்கிட்டுப் போயிருப்பாங்க.

– அப்புறம் கால் சரியானதும்?

– ஆறு மாசத்துல நடந்துட்டான். நாடகக்காரங்க லாரி வந்துச்சு, மரப்பெட்டியில வச்சு அந்த மெஷினை இறக்கினாங்க. அக்கா முதல்ல அதைத்தான் சுத்திச் சுத்திப் பாத்தாங்க. எண்ணெய் போட்டு, பெல்ட் மாத்தி, புதுசு மாதிரி வச்சிருந்தான், அந்த ஒரு விஷயத்துல திட்டு வாங்கல. இப்ப உங்க ஜிப் ஓடுறதும் அதுலதான். மறுநாள் அவன் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னான். இனிமே பாரமா இருக்கக்கூடாதுன்னு ஒரு ரோஷம். அக்கா தலையைத் தூக்காமலே, 'அந்த நீலக் கோட்டுக்கு யாரு லைனிங் வைக்கிறது, உங்க நாடகத் தலைவரா?'ன்னாங்க. பையைக் கீழ வச்சான். மூணு வருஷம் ஆச்சு.

– அப்ப இப்ப தலைமுழுகல. வாபஸ் வாங்கிட்டாங்க.

– அய்யய்யோ, அந்த வார்த்தையை இன்னும் வாபஸ் வாங்கல. தினமும் சொல்லுவாங்க. பட்டன் தப்பா கட்டினா, 'உன்னை எப்பவோ தலைமுழுகினவ நான், அந்தப் போன் பொண்ணு மட்டும் ஒழுங்கா தமிழ் படிச்சிருந்தா எனக்கு இந்தப் பாடு உண்டா?'ன்னு ஆரம்பிச்சுடுவாங்க. வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் இது மனப்பாடம். நானும் கூடச் சேந்து சொல்லிச் சிரிப்பேன். ஆனா...

– ஆனா?

– வேண்டாம், விடுங்க.

– சொல்லுங்கண்ணா.

– ஒண்ணு மட்டும் உள்ள உறுத்தும்மா. இப்ப 'அவன்' இல்ல, நான்தான் சொல்றேன். என்னை அவங்களா கூட்டிட்டு வரல பாருங்க. ஒரு தாள் கூட்டிட்டு வந்துச்சு. எங்கேயோ ஒரு பொண்ணு ஒரு வார்த்தையை மாத்திச் சொன்னதால நான் இங்க உக்காந்திருக்கேன். சரியா சொல்லியிருந்தா? இல்லத்துல ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். பாசமா இருக்காங்க, இல்லேங்கல. ஆனா அது தலையில விழுந்ததுக்கு அப்புறம் வந்த பாசம். நான் பண்ணினதுக்கு இதுவே பெரிசு, மேல கேக்கக்கூடாது. இந்தாங்க, ஜிப் ஆச்சு. ஏத்தி இறக்கிப் பாருங்க.

– அண்ணா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இந்த ஜிப் தானா போகல. கடைக்கு வர ஒரு சாக்கு வேணும்னு நானே ரெண்டு பல்லைப் பிடுங்கினேன்.

– என்னது? எதுக்கு?

– அந்தத் தேன் குரல் நான்தான். சாப்பிட வா, போயிட்டு வரேன், அதோட சரி.

– அடக் கடவுளே. நீங்களா? நான் பாட்டுக்கு உங்க தமிழை இவ்வளவு நேரம்...

– இல்ல, நியாயமாத்தான் சொன்னீங்க. அப்ப நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது வாரம். அதுக்கப்புறம் ராப்பகலா படிச்சேன். ஆனா அந்தத் தாள் என்னை விடல. தலைமுழுகினவங்க கையிலயே ஒரு ஆளை ஒப்படைச்சுட்டோமே, அவர் என்ன பாடு படுறாரோன்னு மூணு வருஷமா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. தாள்ல எழுத உங்க கடை விலாசத்தை நான்தான் கேட்டுச் சொன்னேன், அது ஞாபகம் இருந்துச்சு. எங்க வேலையில கேட்டதை வெளியாள்கிட்ட பேசக்கூடாதுன்னு விதி. நீங்க வெளியாள் இல்ல, அந்தத் தாள்லயே இருக்கிற ஆள்.

– உங்க கையைக் குடுங்கம்மா. நீங்க பண்ணின தப்புக்கு நான் சாகுற வரைக்கும் உங்களுக்கு ஜிப் மாத்திக் குடுப்பேன். பிடுங்கிக்கிட்டே வாங்க.

– என்னடா கையைப் பிடிச்சுக் குலுக்கிக்கிட்டு இருக்கே கஸ்டமரை? ஒரு மணி நேரம் நூல் வாங்கப் போனா கடையை நாடக மேடை ஆக்கிடுவியே. போதும் போதும், விடு அவங்களை. நீங்க உக்காருங்கம்மா, இவன் இப்படித்தான், வாய் ஓயாது. ஜிப்பைச் சரியா வச்சானா?

– நல்லா வச்சிருக்காருக்கா. வழவழன்னு போகுது.

– ... இந்தக் குரலை நான் எங்கேயோ கேட்டிருக்கேன்.

– கேட்டிருக்கே அக்கா, நல்லா கேட்டிருக்கே. மூணு வருஷமா தினமும் திட்டுற அந்தப் போன் பொண்ணு இவங்கதான். நேர்ல வந்திருக்காங்க. இன்னிக்குத் தீர்த்துக்க. ஏன் அப்படி நிக்கிறே? திட்டு.

– நீ உள்ள போய் டீ போடு.

– திட்டுறதை நான் கேக்கக்கூடாதா? இவ்வளவு நாள் நான்தானே கேட்டேன்.

– போடான்னா போ. ... உக்காரும்மா. தைரியமான பொண்ணுதான் நீ. இவன் என்னென்ன சொன்னான்?

– எல்லாம் சொன்னார். ஒண்ணைத் தவிர. அது அவருக்குத் தெரியவே இல்ல. அக்கா, நீங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே நான் உங்களைக் கேட்டேன்ல? குளிப்பாட்டுறதைப் போய் யாராவது இவ்வளவு கோவமா சொல்லுவாங்களா, தலைமுழுகிட்டேன்னா என்னக்கான்னு. நீங்க விளக்கிச் சொன்னீங்க. அய்யோ, நான் மாத்திச் சொல்லிட்டேன், நீங்கதான் அவரைச் சாகுற வரைக்கும் பாத்துக்கப் போறதா எழுதிட்டாங்க, இப்பவே திருத்தச் சொல்றேன்னேன்.

– மெதுவா பேசு. இந்தப் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் இருக்கான்.

– நீங்க நாற்காலியை மேஜைக்குக் கிட்ட இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் சொன்னீங்க, 'திருத்த வேண்டாம்மா. எழுதினது எழுதினபடியே இருக்கட்டும். கையெழுத்து எங்க போடணும்னு மட்டும் கேளு'ன்னு. இதை அவர்கிட்ட ஏன் சொல்லல?

– சொன்னா தலை மேல ஏறி உக்காந்துக்குவான், அதான். நீயும் சொல்லிடாதே. ... டேய், டீ போட எவ்வளவு நேரம்? உள்ள என்னடா பண்றே?

– அக்கா, அவங்களை இன்னொரு தடவை முதல்லருந்து சொல்லச் சொல்லு. தண்ணி கொதிக்கிற சத்தத்துல பாதிதான் கேட்டுச்சு.